அவர் பேரில் என் வேர்வை

என் வீட்டுக்காரருக்குப் பதிலாக நான் செய்யாத காரியம் எது என்று தேடினால், முகச்சவரம் ஒன்றுதான் மிஞ்சும். சனிக்கிழமை விரதம் அவர் ராசிக்கு. பட்டினி என் வயிற்றுக்கு. அவருக்கு முட்டி வலி வந்தபோது, பண்பொழி முருகனுக்கு மலையேறி வருவதாக நான் வேண்டிக்கொண்டேன். முட்டி சரியானது. படியேறியது நான். அவர் அடிவாரத்தில் காருக்குள் உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அதற்காக யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. மனைவியின் முட்டிக்குப் புருஷன் ஏறுவதாக எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் செய்ததைப் பிறகு கேட்டவர்கள் எல்லோரும் "இப்படியும் ஒருத்தி செய்வாளா?" என்று கன்னத்தில் கை வைத்தார்கள். செய்வாள். விரதத்தையும் வேண்டுதலையும் அவர் பேரில் செய்து பழகியவளுக்கு, அவர் பேரில் கொஞ்சம் வேர்ப்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

எங்கள் வீடு மேலகரத்தில் இருக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு கட்டியவர்கள், ஆனியிலும் ஆடியிலும் அது தங்கள் வீடு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தை மாதம் எனக்குக் காய்ச்சல் என்றால் போனில்கூட விசாரிக்காத சொந்தங்களுக்கு, சாரல் விழுந்ததும் என்மேல் பாசம் பொங்கிவிடும். "உங்களப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்று துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்குவார்கள். என்னைப் பார்ப்பது வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் மட்டும்தான். அதற்குப் பிறகு அருவியைத்தான் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன பங்குனியில் ஒரு நாள் காலை நடைக்குப் போனவர், தலை சுற்றுகிறது என்று பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் எங்கள் மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒன்றும் இல்லை என்றால் நம்புகிற படிப்பை அவன் படிக்கவில்லை. யோசித்து, விசாரித்து, கடைசியில் ஒரு பட்டையை வாங்கி அனுப்பினான்.

பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருந்தது. அடிப்பக்கம் தோலோடு ஒட்டிக்கொள்ளும் சின்னத் துண்டு ஒன்று. அது வேர்வையை உறிஞ்சி, அதில் எவ்வளவு தண்ணீர் போகிறது, எவ்வளவு உப்பு போகிறது என்று பார்த்து, வீட்டு வைஃபை வழியாக மகனுடைய போனுக்குச் சொல்லிவிடும். உடம்பு கெடுவதற்கு முன்னாலேயே வேர்வை காட்டிக்கொடுத்துவிடுமாம். காட்டிக்கொடுப்பவர்களை வைத்தே உத்தியோகம் பார்த்தவர் என்பதால் இவருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

மகன் வீடியோவில் வந்து கேள்வி கேட்டுக் கேட்டுப் பதிந்தான். வயது, எடை, உயரம். கடைசியில், "எப்பா, டெய்லி எவ்வளவு உடல் உழைப்புன்னு கேக்குது. குறைவா, மிதமா, கடுமையா?"

இவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி, "கடுமைன்னு போடுலே" என்றார்.

நான் அப்போது அவருக்கு இரண்டாவது காப்பி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பட்டை வந்து சேர்ந்தது ஆனி மாதம். முதல் கோளாறே அதுதான். வெளியூரில் போய் உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்கு ஊரின் தட்பவெப்பம் மறந்துவிடுகிறது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்து தென்னைகளை உலுக்குகிற மாதத்தில், மேலகரத்தில் எவருக்கு வேர்க்கும்? உள்பாவாடை காய்வதற்கே வாரம் ஆகும். பட்டை காலையிலும் மாலையிலும் "போதுமான வேர்வை இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இவருக்கு அது யாரோ தன்மேல் மெமோ கொடுத்த மாதிரி இருந்தது.

வேர்க்க வைப்பதற்கு இவர் எடுத்த முயற்சிகளைச் சொல்லி மாளாது. சர்வீஸில் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். குரங்குக் குல்லாய் போட்டார். மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றன. ஒரு நாள் என்னைக் காரமாக மிளகு ரசம் வைக்கச் சொல்லித் தம்ளர் தம்ளராகக் குடித்தார். ரசம் வைத்த எனக்கு வேர்த்தது. குடித்த அவருக்கு மூக்குதான் ஒழுகியது.

பிறகு ஒரு நாள் பட்டையைக் கட்டிக்கொண்டே பேரருவிக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் பட்டை நடந்ததையெல்லாம் மகனுக்குச் சொல்லிவிட்டது. உடம்பிலுள்ள தண்ணீர் முழுவதும் வெளியே கொட்டுகிறது, அதில் ஒரு துளி உப்பும் இல்லை என்று அவன் போன் சிவந்து அலறியிருக்கிறது. மீட்டிங்கில் இருந்து எழுந்து ஓடிவந்து கூப்பிட்டான். அருவியின் வேர்வையைத் தன் வேர்வையாக இவர் கணக்கில் காட்டிவிட்டார் என்று தெரிந்ததும், "அருவிக்குப் போனா கழட்டி வச்சிட்டுப் போங்கப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அன்றிலிருந்து இவர் அதைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். சீசனில் இவருக்குத் தினமும் அருவி. எண்ணெய் தேய்த்து, ஊறி, குளித்து, மறுபடி ஒருமுறை குளித்து வர உச்சிப்பொழுது ஆகிவிடும். அவ்வளவு நேரம் பட்டை சும்மா கிடந்தால் மகனுக்கு "அணிந்திருப்பவர் இல்லை" என்று தகவல் போகும். உடனே அவன் எனக்குப் போன் போடுவான்.

"எம்மா, அப்பா ஏன் கட்ட மாட்டேங்காவ? இவ்வளவு செலவழிச்சு வாங்கி அனுப்பிருக்கேன், சும்மா வச்சிருந்தா என்ன அர்த்தம்? நீ சொல்ல மாட்டியா?"

நான் சொன்னால் கேட்கிறவரா அவர்? அப்பாவிடம் போடவேண்டிய சண்டையைப் பிள்ளை என்னிடம் போடுவான்; அதை நான் இவரிடம் கொண்டுபோனால் இவர் என்மேல் பாய்வார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குவதற்கு, பட்டையை நானே கட்டிக்கொண்டால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. தோசை ஊற்றிக்கொண்டே எடுத்துக் கட்டிக்கொண்டேன். இவர் திரும்பி வரும் சத்தம் கேட்டால் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்தச் சமயம் பார்த்து என் மதினி, அதாவது இவருடைய அக்கா, குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். கூடவே ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவருடைய வீட்டுக்காரர்; நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பிறகு அவர்களுடைய இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். அருவியில் மணிக்கணக்கில் குளித்துவிட்டு வந்து, "ஈரம் சேராது" என்று மறுபடி வெந்நீரில் குளிக்கிற குடும்பம் அது. குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருக்கிற வீட்டில் இதன் பொருள் என்ன என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் ஒருமுறை உள்ளே போனால், பிறகு எனக்கு முறை வருவதற்குள் அடுப்பில் ஒன்று பொங்கிவிடும், ஒன்று கருகிவிடும். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்?

வெளியே ஊரே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் வேர்த்த ஒரே உடம்பு என்னுடையதுதான். காலையில் இட்லிக் கொப்பரை, பக்கத்து அடுப்பில் சாம்பார், குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி அடங்காது என்பதால் மதியத்துக்குப் பெரிய பானையில் சோறு. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்தியிருப்பேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். பட்டைக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மகன் குதித்தான். "எப்பா, சூப்பரா இருக்கு! என்ன எக்சர்சைஸ் பண்ணுதீங்க? நல்லா வேர்த்திருக்கு. இதே மாதிரி விடாமப் பண்ணுங்க."

இவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாராட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இவருக்கு இல்லை. "எல்லாம் அருவிக் குளியல்தாம்லே. எண்ணெய் உள்ள போயி வேலை செய்யுதுலா" என்றார். சாயங்காலம் அது இன்னும் வளர்ந்துவிட்டது. நடைக்கு வருகிற சிநேகிதர்களிடம், குற்றாலத் தண்ணீருக்கும் வேர்வைச் சுரப்பிக்கும் உள்ள தொடர்பை விளக்கிக்கொண்டிருந்தார். என் சாம்பாரில் அவருடைய ஆரோக்கியம் தேறிக்கொண்டிருந்தது.

பட்டை வீட்டில் எல்லோருக்கும் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. பிரஷர் பார்க்கும் மிஷினை வீடு வீடாகக் கொடுத்து வாங்குகிற ஊர் இது. கையில் கட்டுவதை மட்டும் ஒருத்தரோடு நிறுத்திக்கொள்வார்களா? சாயங்காலமானால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கட்டிப் பார்த்துக்கொண்டார்கள். மதினியின் மூத்த மகன் அதைக் கட்டிக்கொண்டு தண்டால் எடுத்தான். சின்ன மருமகள் கட்டிக்கொண்டு கயிறு தாண்டினாள். அண்ணாச்சி மட்டும் தொடமாட்டேன் என்றார். "பார்டர்ல பனியில நின்னு காவல் காத்த உடம்பு மாப்ள இது. இத மெஷின் சோதிக்கக் கூடாது" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. மிஷின் எதையாவது மதினியிடம் போட்டுக்கொடுத்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

இதற்கிடையே எனக்கு என்னவோ செய்துகொண்டிருந்தது. படுத்தால் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. குனிந்து நிமிர்ந்தால் சுவர் நகர்ந்தது. ஒரு நாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கரண்டியைத் தேடினேன். மதினியிடம் சொன்னேன். "வயசாகுதுலா. எனக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். இவரிடம் சொன்னேன். "அருவில வந்து ஒரு முக்கு முக்குனா எல்லாம் சரியாப்போகும்" என்றார். ரொம்ப நல்ல யோசனை. நான் அருவிக்குப் போனால் மதியம் இவர்கள் எல்லோரும் எதைச் சாப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அருவிச் சத்தம் காற்றில் வந்து விழுகிற தூரத்தில் இருந்துகொண்டு, அந்தச் சீசன் முழுக்க நான் ஒரு நாள்கூடக் குளிக்கப் போகவில்லை.

அந்த நாள் வந்தது. அவர்கள் அருவியிலிருந்து திரும்பி, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, கூடத்தில் வரிசையாகப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். அப்போது மகன் கூப்பிட்டான்.

"எப்பா, எந்திரிக்காதீங்க! அப்படியே இருங்க! கையில பேண்ட் கட்டிருக்கீங்களா?"

"கட்டிருக்கேன். ஏன்லே?"

"ரொம்ப மோசமாக் காட்டுதுப்பா. உடம்புல தண்ணியே இல்ல, உப்பு கன்னாபின்னான்னு போயிருக்கு. உடனே டாக்டரப் பாக்கணும்னு சொல்லுது. உங்களுக்குத் தலை சுத்துதா?"

அதுவரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு உடனே தலை சுற்றியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வீடு முழுக்க எழுந்து நின்றது. ஒருத்தர் விசிறினார், ஒருத்தர் காலைத் தேய்த்தார், பிள்ளைகள் அழுதன.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஏங்க, அது நீங்க இல்ல. காலைல நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, நீ பதறாத. திருநீறு எடுத்துட்டு வா" என்றார் மதினி.

திருநீறு எடுத்து வந்து, "மதினி, அது என்னோட..." என்றேன்.

"அழாதட்டி. அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் அழவில்லை. ஆனால் அங்கே எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த வேலை அழுவதுதான் என்பதால், நான் வாயைத் திறந்தாலே அவர்களுக்கு அழுகையாகக் கேட்டது. இவரைக் காரில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். மொத்தக் குடும்பமும் போனது. காரில் எனக்கு இடம் இல்லை. நான் வாசலில் நின்றேன். சுவர் மறுபடி நகர்ந்தது, கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். ஈசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்தாகிவிட்டதாம். இவர் உடம்பு வாலிபன் உடம்பு மாதிரி இருக்கிறது என்றாராம் டாக்டர். டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டைப் பொய் என்று பட்டை சொல்கிறதே என்று இவருக்குக் கோபம். மகன் மறுபடி பார்த்துச் சொன்னான்: பட்டை கணக்குப் போட்டு முடிக்க நேரம் எடுக்குமாம்; மோசமாகக் காட்டியது காலை நேரத்து வேர்வை. இவர் அருவியில் இருந்த நேரம்.

"அப்பம் அந்நேரம் பேண்ட் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டான். "யாரா இருந்தாலும் லேசா எடுத்துக்காதீங்கப்பா. அந்த ஆள உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

 நம்மில் ஒருத்தருக்கு ஏதோ இருக்கிறது என்ற பயம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். மதியம் இரண்டு தடவை சொல்லப் போய் திருநீறு எடுத்து வந்தவள் நான். இப்போது எனக்கும் வீம்பு வந்துவிட்டது. கால் இழுக்கிறது, தலை கிறங்குகிறது, ஆனாலும் பார்ப்போம், இத்தனை பேர் தேடுகிறார்களே, தேடிக்கொண்டு என்னிடம் வருகிறார்களா என்று பார்ப்போம் என்று காப்பி போடப் போனேன்.

இவருக்கு ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு கேஸ் கிடைத்ததில்லை. நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போன் ஸ்பீக்கரில், மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தார். மூத்தவன் ஐந்தருவியில் இருந்ததாகச் சொன்னான், தம்பி சாட்சி. மருமகள்கள் இருவரும் பெண்கள் வரிசையில் நின்றார்கள், மதினி சாட்சி. மதினி பேரப்பிள்ளைகளுக்குத் தலை துவட்டினார். அந்தப் பிள்ளைகள் சாட்சி.

"அத்தான், நீங்க?" என்றார் இவர்.

"நானும் அருவிலதான் மாப்ள."

"நா உங்கள அங்கன பாக்கலியே. எண்ணெய் தேய்க்கிற இடத்துல தேடுனேன், இல்ல. கார்ல பாத்தேன், இல்ல. வீட்டுக்கு வந்து ரகசியமா பேண்டக் கட்டிப் பாத்தீங்களா? உண்மையச் சொல்லிருங்க. உடம்பு சம்பந்தப்பட்டது."

எதிரிப் படைக்கு அஞ்சாத அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், பஸ் ஸ்டாண்ட் பக்கம் சூடாக அல்வா கிண்டுகிற கடையில் இருந்ததாக ஒப்புக்கொண்டார். மதினி எழுந்த வேகத்தைப் பார்த்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஆள் அண்ணாச்சிதான் என்று தோன்றியது. அந்தச் சண்டை அடங்க நேரமானது.

எல்லோரும் தப்பித்தாகிவிட்டது. நான் காப்பித் தட்டோடு அடுப்பங்கரை வாசலில் நின்றேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, போனைப் பார்த்துத் தீர்ப்பைச் சொன்னார்:

"மிஷின்லதாம்லே கோளாறு. எல்லாரையும் விசாரிச்சிட்டேன். அந்நேரம் வீட்ல யாருமே இல்ல."

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.  தட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

"நான் இருந்தேன்" என்றேன்.

"நீ எங்கன இருந்த?"

"அடுப்பாங்கரைல. நான் வேற எங்கன இருப்பேன்? பேண்டும் என் கையிலதான் இருந்துச்சு. தெனமும் என் கையிலதான் இருக்கு. நீங்க நல்லா வேர்க்குறீங்கன்னு பிள்ளை சொன்னாம்லா, அதும் என் வேர்வைதான்."

 எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். மதினி, "அவன் பேண்ட நீ ஏன்ட்டி கட்டுன?" என்றார். இவர், "மானத்த வாங்கிட்டியே, நா எத்தன பேருகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அண்ணாச்சி, கேள்வி தன்னைவிட்டு நகர்ந்த நிம்மதியில், "ஒரு ஒழுங்குன்னு வேணாமா?" என்றார். போனிலிருந்து என் மகன், நான் பத்து மாதம் சுமந்த பிள்ளை, "எம்மா, நீ கட்டுனா அப்பாவோட டேட்டா பூராக் கெட்டுப்போகும்லா! இனி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்!" என்று கத்தினான்.

அவன் பின்னாலிருந்து மருமகள் குரல் வந்தது. சன்னமாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏங்க, அது அத்தையோட வேர்வைன்னா, உடம்பு சரியில்லாதது அத்தைக்குத்தான?"

அப்போதுதான் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உட்காரலாம் என்று முக்காலியைத் தேடினேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. முக்காலி இருக்கும் என்று நினைத்த இடத்தில் அது இல்லை.

அன்றைக்கு இரண்டாவது தடவையாக மொத்தக் குடும்பமும் தென்காசிக்குப் போனது. இந்த முறை காரில் எனக்கு இடம் இருந்தது. படுக்கவே இடம் இருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். மதியம் பார்த்த அதே கூட்டம் வேறொரு ஆளோடு வந்து நிற்பதைப் பார்த்து ஒரு கணம் குழம்பிப்போனாள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுதா" என்றார் இவர்.

"தண்ணி நல்லா குடிப்பீங்களா?"

"அதெல்லாம் நல்லா குடிப்பா. இவளுக்கு ஒரு நாளும் உடம்புக்கு வந்ததே இல்ல மேடம்."

"சார், நான் அவங்களக் கேக்குறேன்."

நான் சொன்னேன். தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். வீட்டில் ஒரு கழிப்பறைதான் இருக்கிறது, அது காலியாக இருப்பதில்லை என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் வெட்கம் என்னைவிட்டுப் போய், சுற்றி நின்றவர்களிடம் சேர்ந்துகொண்டது. பெரிய மருமகள் தரையைப் பார்த்தாள். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி அவர் என்னைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

உடம்பில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டதாம். நான் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிற வகையாம். அடுப்பு ஒரு பக்கம் உறிஞ்ச, மாத்திரை ஒரு பக்கம் தள்ள, நானும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன். இன்னும் சில நாள் விட்டிருந்தால் நினைவு தப்பி, வலிப்பு வந்திருக்கும் என்றாள் அந்தப் பெண். மாத்திரையை மாற்றி, பாட்டில் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினாள். அடுப்பின் முன்னால் கொஞ்ச நாள் நிற்கக் கூடாது என்பதை என்னிடம் சொல்லவில்லை; கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பங்கரையில் இவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பட்டை. மதினி காய் நறுக்க, அண்ணாச்சி ராணுவச் சமையல் அனுபவத்தில் உருளைக்கிழங்கை மட்டும் மலைபோல் உரித்து வைத்திருந்தார். சோறு வடிக்கும்போது ஆவி அடித்து இவர் முகம் சிவந்துபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மகன் போன் பண்ணினான்.

"எம்மா, அப்பாவுக்கு என்ன? பயங்கரமா வேர்க்குது. ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதே!"

"ஒண்ணும் இல்ல. சோறு வடிக்காரு" என்றேன்.

மகன் எனக்கும் தனியாக ஒரு பட்டை அனுப்பினான். பதியும்போது அதே கேள்வியைக் கேட்டான். அம்மாவுக்கு எவ்வளவு உடல் உழைப்பு, குறைவா, மிதமா, கடுமையா? இவர், "வீட்லதான இருக்கா, கொ..." என்று வாயெடுத்தார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். "அதுக்கும் மேல ஒண்ணு இருக்காலே?" என்று கேட்டார். இல்லையாம். கடுமையோடு அந்தப் பட்டைக்குச் சொல் தீர்ந்துவிடுகிறதாம்.

ஆடி முடிகிற சமயம், மதினி குடும்பம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மதியத்துக்கு என்ன என்றும் யாரும் கேட்கவில்லை. செங்கோட்டை போகிற வழியில் பார்டர் கடையில் பரோட்டா சாப்பிடுவது என்று முடிவாகியிருந்தது. அண்ணாச்சிக்குக் கோதுமைத் தோசை. இரண்டு பட்டைகளையும் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். தோளில் விழுந்த தண்ணீர் முதலில் அடித்தது, பிறகு பிடித்துவிட்டது. வாயைத் திறந்து குடித்தேன். மூச்சு முட்டியபோது வெளியே வந்து, ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் அந்தப் பக்கம், கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்திருந்தார். மகன்தான். இரண்டு பட்டையும் சும்மா கிடப்பதாகத் தகவல் போயிருக்கும். அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று இவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"வீட்ல யாருமே இல்லலே!"

அன்றைக்குக் கூடத்தில் சொன்ன அதே வார்த்தைகள்தான். இந்தத் தடவை அது உண்மை. நான் கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டு மறுபடி அருவிக்குள் போனேன்.